மூன்று பூங்காக்களும் ஒரு வேளைச் சோறும்

'சோறு கண்ட இடம் சொர்க்கம்' என்று, உண்பதிலேயே குறியாயிருப்பவரைப் பெரியவர்கள் கேலி செய்வதுண்டு. இக்கல்வியாண்டில் இன்பச் சுற்றுலா சென்று திரும்பிய பின், பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. சுற்றுலாவில் கண்டவற்றைப் பற்றி இம்மலரில் வேறு தோழியர் எழுதுவர். நாங்கள் எழுத வந்தது உண்டதைப் பற்றி. சரியாகச் சொல்வதானால், நேரத்தில் உண்ணாததைப் பற்றி.

'ஒரே நாளில் மூன்று பூங்காக்கள்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்ட அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைத் தலைமை ஆசிரியை அருட்சகோதரியே வந்து அடக்க வேண்டியதாயிற்று. காலையில் கிருஷ்ணகிரி அணைப் பூங்கா, நடுப்பகலில் ஒகேனக்கல், மாலையில் மேட்டூர் அணைப் பூங்கா. இரண்டு பேருந்துகள், 96 மாணவியர், எட்டு ஆசிரியையர். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பது வரை திட்டத்தில் இருந்தது. மதிய உணவைப் பற்றி மட்டும் ஒரே வரி: 'வழியில் உணவு விடுதியில்.' அத்திட்டத்தை வரைந்த குழுவில் மாணவியர் சார்பில் நாங்களும் இருந்தோம். ஆகவே இது பிறர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. அந்த ஒரு வரியை எழுதிய கைகளில் எங்கள் கையும் ஒன்று.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிருஷ்ணகிரி அணையில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். அங்கிருந்து தருமபுரிக்குத் திரும்பி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சேர்ந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர்தான். ஆனால் இறுதியில் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. காலையில் ஐந்து மணிக்கு இரண்டு இட்டலி உண்டவர்களுக்கு அந்த வளைவுகள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அருவியில் நனைந்தால் பசி இரட்டிப்பாகும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கரையோரத்தில் பெண்கள் அடுப்பு மூட்டி, மசாலா தடவிய மீனைக் கல்லில் பொரித்துக் கொண்டிருந்தார்கள். காவிரி புகையாக எழும்புவதால் கன்னடத்தில் 'புகையும் கல்' என்று அந்த இடத்துக்குப் பெயர் வந்ததாம். எங்கள் கண்ணில் பட்டது மீன் பொரியும் புகைதான்! உணவு விடுதிக்குப் போகிறோமே என்று ஒருவரையும் வாங்க விடவில்லை. விடுதியை அடைந்தபோது மணி மூன்றேகால்.

அந்த விடுதியைக் குறை கூற எங்களுக்கு மனமில்லை. எட்டு மேசைகள், மேசைக்கு நான்கு நாற்காலி. 32 பேர் அமரலாம். நாங்களோ ஆசிரியையரையும் சேர்த்து 104 பேர். ஒரு பந்தி எழ அரைமணி நேரம் என்றால் மூன்று பந்திக்கு ஒன்றரை மணி. அதன் பிறகும் எட்டுப் பேர் நிற்பார்கள். இந்தக் கணக்கைப் போட பதினோராம் வகுப்புக் கணிதம் தேவையில்லை, ஐந்தாம் வகுப்பே போதும். ஆயினும் நாங்கள் போடவில்லை. இரண்டாம் பந்தியில் சோறு தீர்ந்தது. மீதிப் பேருக்குத் தோசை வார்ப்பதாகச் சொன்னார்கள். ஒரு தோசைக்கல்லில் ஒரு நேரத்தில் நான்கு தோசை. ஓர் ஈடு எடுக்க மூன்று நிமிடம். நாற்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஒரு மணி நேரம்! தோசை என்பது வீட்டில் நால்வருக்கு உகந்த பலகாரம். கூட்டத்துக்கு அது பகை.

மேட்டூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பேரணையின் விளக்குகளைப் பேருந்தின் சன்னல் வழியாகக் கண்டோம். பூங்காவின் உள்ளே கால் வைக்கவில்லை. ஒரு வேளைச் சோற்றைத் திட்டமிடாததால் ஒரு பூங்காவையே தின்றுவிட்டோம் என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். சிரித்தோம், ஆனால் உறைத்தது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. விடுதியில் ஆளுக்கு 120 ரூபாய் ஆயிற்று. அதை அவரவர் கொண்டு வரவேண்டும் என்று முன்னரே அறிவித்திருந்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தலைவலி என்று சொல்லிப் பேருந்திலேயே படுத்துக்கொண்டாள். மறுவாரம்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. பேருந்துக் கட்டணத்தையே அவள் அம்மா இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார். பள்ளியில் நாம் அனைவரும் ஒரே சீருடை அணிகிறோம். ஏன் என்று கேட்டால் காரணம் எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா நாளில் மட்டும் ஒவ்வொருத்தியின் பணப்பையும் அவளுடைய இலையில் தெரியும்படி வைத்தோமே, இது எப்படி நமக்குத் தோன்றாமல் போயிற்று? 1956-இல் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியபோதும் வழக்கம் ஒன்றுதான்: ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே வரிசை. அந்த எளிய வழக்கத்தை நாம் பேருந்தில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். எழுதலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. பெண்கள் பள்ளி மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? அன்று எங்களில் பாதிப் பேருக்கு மேல் நண்பகல் வரை ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே. வழியில் கழிவறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்பது தெரியாததால். தண்ணீர் குடிக்காமலும் வயிற்றைக் காயப்போட்டும் பயணம் செய்வதைப் பெண்பிள்ளைகள் ஒரு திறமையாகவே பழகிவிட்டோம். அம்மாக்களும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் உள்ளவர்களின் பாட்டை அவர்களே அறிவர். மாலையில் ஒருத்தி மயங்கி விழுந்தாளே, அது வெயிலால் மட்டும் அன்று.

இது நம் ஊர்க் குறை மட்டுமா என்றால், இல்லை. உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்கா அமெரிக்காவில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால், திறப்பு நாளுக்குள் கழிவறைகளையும் குடிநீர்க் குழாய்களையும் சேர்த்து முடிக்க வழியில்லாமற் போயிற்று. வால்ட் டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். கடும் வெயில்; எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம்; உணவும் தீர்ந்தது, குடிநீரும் இல்லை. அவ்வளவு பெரிய செல்வரும் தண்ணீரா கழிவறையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது என்றால், பேருந்தில் அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பெண் என்ன செய்வாள்? பின்னாளில் அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். புளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டில் இப்போது நான்கு பூங்காக்கள். ஒரே நாளில் நான்கையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் அங்கும் உண்டு. ஆனால் அங்குள்ள உணவு விடுதிகளில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்துகொள்ளலாம். எந்த நேரத்தில் எங்கே சாப்பாடு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குகிறவர்கள் அவர்களில் பலர். நாம் செய்ததோ தலைகீழ்.

எங்கள் கருத்து இதுதான்: சுற்றுலாத் திட்டம் வரையும்போது முதலில் எழுத வேண்டியது உணவு வேளை, அதற்கு அருகிலேயே தண்ணீரும் கழிவறையும், பூங்காக்களின் பெயர்கள் அதற்குப் பிறகு. அந்த உணவு பள்ளியிலேயே சமைத்து, எல்லோருக்கும் ஒன்றாக எடுத்துச் செல்லப்பட வேண்டும். செலவு கட்டணத்தோடு சேர்ந்துவிடட்டும். தனியே காசு கொண்டு வருதல் கூடாது.

இது பழைய காலத்துக் கட்டுச்சோறு அல்லவா என்று சிலர் முகம் சுளிப்பர். பழையதுதான். எங்கள் பாட்டிமார் தீர்த்தமலைக்கு மூட்டை கட்டிச் சென்ற அதே புளிச்சோறுதான். அதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை விடுதிச் சமையற்கார அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 104 பேருக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறுமாக 12 கிலோ அரிசி போதும். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு மாலை வரை கெடாது. ஆனால் சூட்டோடு மூடி வைத்தால் எந்தச் சோறும் வியர்த்துக் கெடும். அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பிறகே தூக்கில் அடைக்க வேண்டும். தயிர்ச்சோற்றுக்குத் தயிரைக் குறைத்துப் பாலை மிகுத்து ஊற்றினால், விடியற்காலையில் பிசைந்தது நண்பகலில் பதமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்டினி கூடவே கூடாது. துவையலோ எலுமிச்சை ஊறுகாயோ போதும். சைவமாக இருந்துவிட்டால் புரட்டாசி விரதமிருக்கும் தோழிக்கும், வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் தோழிக்கும் தனித்தனி இலை தேட வேண்டியதில்லை. (வெள்ளிக்கிழமையில் மீனுக்குத் தடையில்லை என்பதை ஒகேனக்கல் கரையில் ஒருத்தி நினைவூட்டினாள். அவள் வாதத்தை ஆசிரியை ஏற்கவில்லை.)

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு 2019 முதல் தடை இருப்பதால், அவரவர் தட்டும் குவளையும் அவரவரே கொண்டு வரலாம். தண்ணீரும் பள்ளியிலிருந்தே வரட்டும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி என்பதும், பல்லில் கறையோடும் மூட்டு வலியோடும் பெரியவர்கள் படும் துன்பமும் நமக்குப் புதிதல்ல. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-இல் திறக்கப்பட்டது. பார்க்கப் போகும் ஆற்றின் நீரையே வீட்டிலிருந்து எடுத்துச் செல்கிறோம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. கூடவே ஒரு கூடை நெல்லிக்காய். அதியமான் ஔவைக்குக் கனி ஈந்த மண்ணல்லவா! பெருமைக்காகச் சொல்லவில்லை. மலைப்பாதையில் குமட்டலுக்கு அது நல்லது. அதைத் தின்றபின் குடிக்கும் தண்ணீரும் இனிக்கும்.

உணவு விடுதியே வேண்டாம் என்பது எங்கள் வாதமன்று. வெளியே அமர்ந்து உண்பதும் சுற்றுலாவின் இன்பங்களில் ஒன்று என்று பெற்றோர் ஒருவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெங்களூருப் பக்கம் பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லும் பள்ளிகளுக்கு வேறு வழியும் இல்லை. வெளி உணவை உள்ளே அனுமதிக்காத பூங்காக்கள் பல. அப்படியானால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் ஆள் கணக்கும் நேரமும் சொல்லி, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று பேசி முடித்து, ஊரார் கூட்டம் வருமுன் பதினொன்றே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். நற்செய்தியில் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். அப்பம் பெருகியதைத்தான் கவனித்தோம். அதற்கு முன்பு மக்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் அமரச் செய்ததை இந்த ஆண்டுதான் கவனித்தோம். மீந்ததைக் கூடைகளில் சேர்த்ததையுந்தான்.

பூங்காக்களின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். இரண்டு போதும். ஒகேனக்கல்லில் விழும் காவிரிதான் கீழே மேட்டூர் அணையில் சென்று நிற்கிறது; அதே நீரை இருட்டில் இரண்டாம் முறை காண ஏன் ஓட வேண்டும்? மேலும், ஆற்றில் நீர்வரத்து மிகுந்தால் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். மூன்று இடங்களை நெருக்கி அடுக்கிய திட்டத்தில் இத்தகைய மாறுதலுக்கு இடமே இல்லை. இரண்டாவது இடமாகப் பாப்பாரப்பட்டியிலுள்ள சுப்பிரமணிய சிவா நினைவிடத்தை வைத்துக்கொள்ளலாம். 1925-இல் அவர் மறைந்த ஊர் அது. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. எங்களில் பலர் இன்னும் அதைப் பார்த்ததில்லை.

இவற்றையெல்லாம் எழுதித் தலைமை ஆசிரியை அருட்சகோதரியிடம் கொடுத்தோம். முழுவதும் படித்துவிட்டு, "விடியற்காலை யார் எழுந்து சமைப்பது? இரவு வந்து பாத்திரம் யார் தேய்ப்பது?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். அடுத்த ஆண்டு நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருப்பதால் எங்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல மாட்டார்கள். ஆயினும் மூன்று மணிக்கு எழுந்து அரிசி களைந்து புளி கரைக்க 14 பேர் பெயர் கொடுத்துவிட்டோம். அந்தத் தலைவலித் தோழியின் அம்மா, தாமும் வந்து தாளித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாத்திரம் தேய்க்கத்தான் இன்னும் ஆறு பேர் குறைகிறார்கள். பத்தாம் வகுப்புத் தங்கைகள் பெயர் கொடுக்கலாம்.