ஸ்விட்ச் மாற்றினால் பாட்டு மாறுமா?

இணையத்திலிருந்து வரும் பாட்டு வீட்டு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு பெட்டிகளைத் தாண்டுகிறது. ஃபைபர் மோடம், ரவுட்டர், இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச், பாட்டை வாங்கி வாசிக்கும் ஸ்ட்ரீமர், எண்களை மின்னலையாக மாற்றும் டேக், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். இவற்றில் ஸ்விட்ச்தான் எளிய சரக்கு. ஐந்து கேபிள் செருகும் பெட்டி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும். இதே வேலையைச் செய்ய, இசைக்கென்றே தயாரித்ததாகச் சொல்லும் ஸ்விட்சுகளும் உண்டு. அமெரிக்காவின் அப்டோன் ஆடியோ கொண்டுவந்த ஈதர்ரீஜென் 2019-இல் வெளியானபோது 640 டாலர். ஜப்பானின் மெல்கோ போன்றவற்றின் பெட்டிகள் அதற்கும் மேலே. உயர்தரக் கடிகாரமும் சுத்தமான மின்சாரமும் உள்ளே இருப்பதால் குரல் தெளிகிறது, இசைமேடை விரிகிறது என்பது விற்பவர்களின் வாதம். அதில் எவ்வளவு தேறும் என்று பார்க்க, கம்பியில் என்ன போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிடி தரத்துப் பாட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். மொத்தம் நொடிக்கு 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுகூட 9.2 மெகாபிட்தான். மலிவான ஸ்விட்சே நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்தும். தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கும். வழியில் ஒரு பிட் கெட்டாலும் கணக்கு உதைக்கும். அந்தப் பொட்டலம் தூக்கி எறியப்பட்டு, அதன் நகல் மறுபடி வரவழைக்கப்படும். சேர்ந்தவை உடனே ஒலிப்பதில்லை. ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. பாட்டு ஓடும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் இது விளங்கிவிடும். பல ஸ்ட்ரீமர்களில் பாட்டு எதுவும் நடக்காததுபோல் சில நொடிகள் ஓடும். சிலவற்றில் அந்தப் பாட்டு முடியும்வரைகூட ஓடும். அந்த நேரத்தில் ஒலிப்பதில் ஸ்விட்சுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஸ்விட்ச் ஒலியைக் கெடுத்ததென்றால் அந்த நொடிகளில் ஒலி பளிச்சென்று மாறியிருக்க வேண்டும்.

நெட்வொர்க் உண்மையிலேயே பழுதானால் அது ஒலிக்கும் விதமே வேறு. பாட்டு நின்று நின்று வரும், விக்கும், அறுந்துபோகும். வயலினின் உச்சஸ்தாயி மட்டும் மங்குவதோ மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கனம் குறைவதோ கிடையாது. எண்கள் கெட்டால் அவ்வளவு நாசூக்காகக் கெடுவதில்லை.

அடுத்து கடிகாரம். எண்கள் சரியாக இருந்தாலும் அவற்றை மின்னலையாக மாற்றும் கணம் முன்பின் தள்ளாடினால் ஒலி கெடும். ஜிட்டர் என்பது அந்தத் தள்ளாட்டம். இது கட்டுக்கதை அல்ல. சிடி பிளேயரையும் டேக்கையும் இணைத்த எஸ்பிடிஐஎஃப் கம்பியில் தகவலும் தாளமும் ஒன்றாகவே பயணித்தன. வாங்கும் பக்கம் அந்தக் கம்பியிலிருந்துதான் காலத்தைக் கறந்தெடுக்க வேண்டியிருந்தது. 1992-இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டில் வைத்த கட்டுரை இந்தக் குறையைத்தான் அலசியது. ஆனால் ஈதர்நெட்டில் நிலைமை தலைகீழ். பொட்டலங்கள் பாட்டின் தாளத்தில் வருவதில்லை. ஒரு குவியல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு குவியல். தாளம் போடுவது டேக்குக்குள்ளோ அதன் பக்கத்திலோ இருக்கும் படிகக் கடிகாரம். ஸ்விட்சின் கடிகாரம் அடுத்த பெட்டிவரை பிட்டுகளைத் தள்ளுவதோடு ஓய்ந்துவிடுகிறது. அதை ஆயிரம் டாலர் செலவில் துல்லியமாக்குவது, தபால் வண்டியின் கடிகாரத்தைத் திருத்தினால் கடிதத்தின் கையெழுத்து அழகாகும் என்று நம்புவது போன்றது.

அப்படியானால் ஸ்விட்ச் வழியாக எதுவுமே டேக்கை எட்டாதா? ஒன்று எட்டும்: மின் இரைச்சல். கேபிள் செம்பு, செம்பு தகவலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடத்தாது. ஈதர்நெட் வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு முனையிலும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும், அது 1,500 வோல்ட் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. நேர்மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் கசிவும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். உயர் அதிர்வெண் இரைச்சலில் கொஞ்சம் மட்டும், சுருள்களுக்கு இடையே இருக்கும் மின்தேக்கத்தன்மை வழியாக நழுவிப் போகும். உலோக உறை போட்ட விலை உயர்ந்த கேபிள் இந்த இடத்தில் உதவிக்குப் பதில் உபத்திரவம் செய்யலாம்: இரு முனையிலும் உறை உலோகத்தைத் தொட்டால், டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்த இரண்டு பெட்டிகளின் எர்த்தை அதுவே சேர்த்துவிடும். உறையில்லாத சாதாரண யுடிபி கேபிள் வீட்டு நீளத்துக்குத் தாராளமாகப் போதும்.

இரைச்சலின் ஊற்று பெரும்பாலும் ஸ்விட்ச் அல்ல, அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர். இரண்டு முள் சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பின் உலோக மூடியைப் புறங்கையால் மெல்லத் தடவினால் சுறுசுறுவென்று ஓர் அதிர்வு தெரியும். எஸ்எம்பிஎஸ் வகை அடாப்டர் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறது. அப்படி வெட்டுவதில் பிறக்கும் இரைச்சலை அடக்க, மின்பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒய் வகைக் கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பார்கள். கைக்குத் தெரியும் கசிவு அதன் வழியாகத்தான் வருகிறது. இரண்டு முள் கருவியில் அது கால் மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வரம்பு, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஸ்ட்ரீமரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போவது ஆர்சிஏ கம்பி என்றால், பாட்டும் கசிவும் ஒரே வெளியுறையில் திரும்பியாக வேண்டும். கசிவு அங்கே உண்டாக்கும் மின்னழுத்தம் பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்எல்ஆர் எனப்படும் சமன்செய்த இணைப்பில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

லீனியர் பவர் சப்ளைக்கு மதிப்பு கிடைப்பது இந்த இடத்தில். 50 ஹெர்ட்ஸிலேயே வேலை செய்யும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், பெரிய கெப்பாசிட்டர், ரெகுலேட்டர் என்ற பழைய முறை அது. சூடாகும், இடத்தை அடைக்கும், மின்சாரத்தை வீணாக்கும். ஆனால் உயர் அதிர்வெண்ணில் வெட்டும் வேலையே அதில் இல்லை. எல்டி3045 போன்ற ரெகுலேட்டர் சில்லின் வெளியீட்டு இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்தான். டேக்குக்கோ, அனலாக் சுற்று உள்ள ஸ்ட்ரீமருக்கோ அப்படி ஒரு சப்ளை கொடுத்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. நன்றாக வடிவமைத்த டேக் உள்ளேயே ரெகுலேட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் என்பதால், அங்கும் பலன் சொற்பமாக இருக்கலாம். ஸ்விட்சுக்கு வாங்கித் தருவது வரிசையில் கடைசி. எதற்கு வாங்கினாலும் வோல்ட் அளவையும், பின்னின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் கருவியின் முதுகில் பார்த்துக்கொள்வது அவசியம். 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டை மாட்டினால் ஒலி மேம்படாது, புகைதான் வரும்.

காதுக்குத் தெளிவாகக் கேட்கும் தொல்லைகள் பெரும்பாலும் இந்தப் பெட்டிகளுக்கு வெளியே இருக்கின்றன. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரில் உள்ள டிரையாக், மின்னலையின் ஒவ்வொரு பாதியையும் வெட்டித் தருவதால் அறையெங்கும் கரகரப்பைப் பரப்பும். ஃபேனைச் சுழலவிட்டும் நிறுத்தியும் கேட்டால் போதும். கரண்ட் போனதும் கைகொடுக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதைக் கேட்டவர்களுக்கு, அதே மின்சாரத்தில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட் இன்னொன்று. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி, இசைப் பெட்டிகளின் விலையைவிட எப்போதும் குறைவு.

நெட்வொர்க் வழி இரைச்சலை முற்றாக அறுக்கவேண்டும் என்றால் மலிவான வழிகள் உண்டு. வைஃபையில் கம்பியே கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நன்றாக எட்டும் வீட்டில் அதுவே போதும். கம்பிதான் வேண்டுமென்றால் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களை வாங்கி நடுவில் கண்ணாடி இழை போடலாம். ஒளிக்கு எர்த் தெரியாது. ஆனால் ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வெர்ட்டருக்கும் ஓர் அடாப்டர் உண்டு. அதன் கசிவு புதிதாக உள்ளே வரும். நல்ல சப்ளை ஒன்று கையில் இருந்தால் அதைக் கொடுக்கவேண்டிய இடம் அதுதான்.

வித்தியாசம் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்களைப் பொய்யர்கள் என்பது அநியாயம். புதுப் பெட்டி ஓடுகிறது என்று தெரிந்து கேட்கும் காது அதிகம் உன்னிப்பாகக் கேட்கிறது. பழைய பாட்டில் புது நகாசு தெரிகிறது. ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ தளம் ஈதர்ரீஜெனை அளந்தபோது டேக்கின் வெளியீட்டில் முன்னேற்றம் தென்படவில்லை. வீட்டிலும் சோதிக்கலாம். கேட்பவர் பார்க்காதபடி வேறொருவர் நாணயம் சுண்டி ஸ்விட்சை மாற்றட்டும். கேட்பவர் எது ஓடுகிறது என்று எழுதி வைக்கட்டும். 10 முறையில் 9 முறையாவது சரியாக வருவது குருட்டாம்போக்கில் நூற்றுக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

ஸ்விட்ச் உண்மையிலேயே ஒலியைத் தீர்மானிக்கும் இடமும் ஒன்று உண்டு. அது கூடத்தில் இல்லை, ஸ்டூடியோவிலும் கச்சேரி அரங்கிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் உருவாக்கிய டான்டே முறையில் மைக்குகளின் ஒலி நெட்வொர்க் வழியாக உடனுக்குடன் பாய்கிறது. தாமதத்துக்கு ஒரு மில்லிநொடி அளவே இடம். கருவிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகவே கடிகாரத்தை ஒத்திசைக்கின்றன. தவறிய பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்க நேரமே கிடையாது. அங்கே ஸ்விட்சில் மின்சிக்கன வசதியை அணைத்து வைப்பார்கள், கடிகாரப் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுப்பார்கள். அதற்குப் பயன்படுவதும் அலுவலகங்களில் இருக்கும் சாதாரண மேனேஜ்டு ஸ்விட்ச்தான்.