கணக்கு திறந்தேதான் கிடக்கிறது

“மாசமா இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு ஊசி? எங்க ஆத்தா பத்துப் பெத்தா, ஒரு ஊசி போட்டுக்கிட்டாளா?” திண்ணையில் கேட்கப்படும் இந்தக் கேள்வி வாட்ஸ்அப்புக்குள் நுழைந்ததும் பெரும் குற்றச்சாட்டாக வளர்ந்துவிடுகிறது. ஏழை நாட்டுப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் போடும் தடுப்பூசி கருவைக் கலைக்குமாம். போட்டுக்கொண்டவளை மலடாக்குமாம். அந்தக் கணக்கை அரசாங்கங்களும் உலக சுகாதார நிறுவனமும் பூட்டி வைத்திருக்கின்றனவாம். படித்தவர்களும் “எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள்” என்று ஒரு வரி சேர்த்து அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கர்ப்பிணிகளுக்குப் போடும் ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைப் பொறுத்தவரை இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. கணக்கு பூட்டிக் கிடக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது எல்லோர் கண்முன்னும் இருக்கிறது.

வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தைப் பாருங்கள். தாழ்வான ஆற்றுப் படுகை, வெள்ளமும் காலராவும் மாறி மாறி வாட்டிய ஊர்கள். 1966 முதல் அங்கே பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எழுதி வருகிறார்கள். 1974-இல் புதிய காலராத் தடுப்பூசி ஒன்றை அங்கே சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் காலரா ஊசி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றொரு பிரிவினருக்கு ரண ஜன்னியும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அப்போது கர்ப்பமாக இல்லாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்திருந்தார்கள். பிறகு அவர்கள் பெற்ற பிள்ளைகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ரண ஜன்னி ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்த 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் இறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. ரண ஜன்னி பச்சைக் குழந்தையைக் கொல்லும் நாட்கள் அவைதான்.

இரண்டு பிரிவிலும் பிரசவம் பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. அதே மருத்துவச்சிகள், தொப்புள்கொடி அறுத்த அதே பிளேடு, அதே மண் தரை. மாறியது ஊசி ஒன்றுதான். ‘மலடாக்கும்’ என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் தொடர்ந்து கருவுற்றுப் பிள்ளை பெற்றதால்தான் இப்படி ஓர் ஆய்வே நடக்க முடிந்தது. எண்ணப்பட்டவை அவர்களுடைய பிரசவங்கள்.

கர்ப்ப காலத்திலேயே போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பழைய பதில் உண்டு. நியூ கினியில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பிள்ளைகளைக் கண்காணித்த ஆய்வு 1961-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. போதிய தவணை பெற்றவர்களின் குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள். கருவுக்கு ஊனம் வருமா என்று தென் அமெரிக்க மருத்துவமனைகளில், குறையோடு பிறந்த குழந்தைகளையும் குறையின்றிப் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1995-இல் வெளிவந்தது. ஊசிக்கும் ஊனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் செய்த மதிப்பீடு, இரண்டு தவணையாவது போட்டால் பிறந்த குழந்தைகளின் ரண ஜன்னிச் சாவு 94 விழுக்காடு குறையும் என்கிறது.

அப்படியானால் இந்த மலட்டு வதந்தி எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒளிவுமறைவில்லாத வரலாறு இருக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானி ஜி. பி. தல்வாரின் குழு கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தது. கர்ப்பத்தை நிலைக்க வைக்கும் எச்சிஜி ஹார்மோனின் ஒரு பகுதியை, ரண ஜன்னி ஊசியில் உள்ள பொருளோடு பிணைத்து உடலுக்குள் செலுத்துவது அவர்கள் வழி. அதன் சோதனை முடிவு 1994-இல் அறிவியல் இதழில் அச்சானது. அதன் பலன் தற்காலிகமானது. திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். அது புழக்கத்துக்கு வரவும் இல்லை. ஆனால் இரண்டிலும் ‘ரண ஜன்னி’ என்ற பெயர் இருந்ததே போதுமானதாகிவிட்டது. 1990-களில் மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் பரவிய கதை, 2014-இல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்களின் அறிக்கையாகவே வந்தது. அங்கே ஊசி மருந்தில் எச்சிஜி இருக்கிறதா என்று சோதிக்க எடுத்துக்கொண்ட கருவிகள் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கச் செய்யப்பட்டவை. மருந்துக் குப்பியில் உள்ள மற்றப் பொருள்கள் அவற்றில் பொய்யான முடிவைக் காட்டக்கூடும்.

“பெண்களுக்கு மட்டும் ஏன்? ஆண்களுக்கு ஏன் போடவில்லை?” என்று அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் நேரானது. தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. பிறந்த முதல் வாரத்தில் பிள்ளையை ஊசியால் காப்பாற்ற வேறு வழியில்லை. அதற்கே ஊசி போட்டால் பலன் வர வாரக்கணக்காகும்.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992-93 முதல் தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துகிறது. கடைசிக் கர்ப்பத்தில் எத்தனை ரண ஜன்னி ஊசி போட்டீர்கள், அதற்கு முன் எத்தனை என்று தாய்மாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். பெயர்களை நீக்கிய பிறகு அந்தத் தரவை ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் பதிவு செய்து காசில்லாமல் பெற முடிந்திருக்கிறது. 2019-21 ஆய்வின்படி, இந்தியாவில் 92 விழுக்காடு தாய்மாரின் கடைசிப் பிரசவம் ரண ஜன்னியிலிருந்து பாதுகாக்கப்பட்டிருந்தது. பிகாரிலும் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு. அதே பிகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 பிள்ளைகள், தமிழ்நாட்டில் 1.8. இரண்டு மாநிலத்திலும் கர்ப்பிணிகளின் மேல்கையில் இறங்குவது அதே அரை மில்லி மருந்து. அது மலடாக்கும் மருந்து என்றால் பிகார் ஏன் இப்படி இருக்கிறது? பிள்ளைப்பேறு குறைவதற்குப் பெண்கள் படித்ததும், திருமணம் தள்ளிப்போனதும், குடும்பக் கட்டுப்பாடும் காரணம். அவையும் இதே ஆய்வில்தான் இருக்கின்றன.

ஆத்தா பத்துப் பெற்றாள், மறுக்கவில்லை. எத்தனை தங்கின என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து அழுத குழந்தைக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு தாடை இறுகும். முலைக்காம்பை வாயில் வைத்தாலும் சப்ப முடியாது. தொட்டாலும் வெளிச்சம் பட்டாலும் உடம்பு வில்லாய் வளைந்து வெட்டி வெட்டி இழுக்கும். இத்தனையிலும் குழந்தைக்கு நினைவு தப்பாது. இதைத்தான் தோஷம் என்றும் காத்துக்கருப்பு என்றும் சொல்லி அன்றைக்குக் குழி தோண்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 1988-ஆம் ஆண்டில் மட்டும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இப்படிச் செத்தார்கள், 2018-இல் 25,000. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே நோயைக் கொண்டுவந்துவிட்டதாக இந்தியா 2015-இல் அங்கீகாரம் பெற்றது.

முழுப் பெருமையும் ஊசிக்கே என்று நான் சொல்லமாட்டேன். 1992-93-இல் நான்கில் ஒரு பங்கு பிரசவமே மருத்துவமனையில் நடந்தது. 2019-21-இல் அது 88.6 விழுக்காடு. சுத்தமான கத்தரிக்கோலுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஊசி தனித்து நின்று என்ன செய்யும் என்பதை மத்லபின் வீட்டுப் பிரசவங்கள் காட்டிவிட்டன.

சந்தேகப்படுகிற எல்லோர் மீதும் எனக்குக் கோபமில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்த நாடு இது. அதில் பலரை மிரட்டியும் இழுத்துவந்தும் செய்தார்கள். அரசு ஊசியைக் கண்டு ஒரு கிராமத்துப் பெண் பின்வாங்கினால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. “பேசாம போட்டுக்கம்மா” என்று அதட்டி அட்டையில் தேதி எழுதி அனுப்புவது அந்தப் பயத்துக்கு மருந்தாகாது. எது, எதற்காக, போட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அது அவளுடைய உரிமை.

அவளைவிடப் படித்தவர்கள், நிமிடத்தில் சரிபார்க்க முடிந்தவர்கள், பாராமலே பரப்புகிறார்களே, என் கோபம் அவர்கள் மீது. கர்ப்பிணிகள் பற்றிய தரவு உண்மையிலேயே குறைவாக இருந்த இடங்களும் உண்டு. கோவிட் தடுப்பூசியின் முதல் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. இந்தியாவில் அவர்களுக்கு ஊசி அனுமதிக்கப்பட்டது 2021 ஜூலை 2-ஆம் தேதி. அதற்குள் இரண்டாம் அலை வந்து போயிருந்தது. எச்சரிக்கை என்ற பெயரில் கர்ப்பிணியை ஒதுக்கி வைத்தால் யார் சாவார்கள் என்று அந்த ஏப்ரலும் மேயும் காட்டின.

2025 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் தாய் சேய் நலத்தை வீடு வீடாகக் கேட்டு எழுதிய மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுத் திட்டத்தை அமெரிக்க அரசு பணம் நிறுத்தி முடக்கியது. பிறப்பு இறப்புப் பதிவேடே ஒழுங்காக இல்லாத பல நாடுகளில், எந்தத் தாய்க்கு ஊசி போட்டார்கள், எந்தக் குழந்தை பிழைத்தது என்று அறிய இருந்த முக்கிய வழி அது. கணக்கை மறைக்கிறார்கள் என்று எனக்கு வந்த செய்திகளில் ஒன்றுகூட இதைப் பற்றிப் பேசவில்லை. உண்மையான கணக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அந்த ஆய்வை முழுமையாகத் திரும்பத் தொடங்கச் சொல்லிக் குரல் கொடுக்கட்டும். முதல் ஆளாக நானும் கூட நிற்கிறேன்.