வலி நின்றால் வேலை முடிந்ததா?

‘ரூட் கேனால்’ என்றதுமே பலருக்குப் பயம். உண்மையில், ராத்தூக்கத்தைக் கெடுக்கும் பல்வலியைப் போக்கத்தான் இந்தச் சிகிச்சை.

சொத்தை ஆழமாகி, பல்லுக்குள் நரம்பு இருக்கும் பகுதியைத் தொட்டுவிட்டால், வெறுமனே அடைத்துப் பயனில்லை. எக்ஸ்ரே எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே கெட்டுப்போனதை மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் சுத்தம் செய்து அடைப்பார்கள். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு வேர்க்குழாய்தான். கடைவாய்ப்பல்லில் 3, 4 கூட இருக்கும். அதனால் 2, 3 முறை போகவேண்டி வரலாம்.

முதல் தடவையிலேயே வலி பெரும்பாலும் குறைந்துவிடும். பலர் அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். தற்காலிக அடைப்பு நாளடைவில் தேய்ந்து, கிருமி மறுபடி உள்ளே போகும். நரம்பு இல்லாததால் உடனே தெரியாது. வீங்கிய பிறகுதான் தெரியும். கேப் போடாத கடைவாய்ப்பல் முறுக்கு கடித்தாலே பிளந்துவிடலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் வழி.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேப் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் விடாமல் இருக்க அது உதவும்.