டிவிஎஸ் 50-ஐப் பாத்துச் சிரிக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு

"இன்னுமா மாமா இந்த வண்டியில போறீங்க?" பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வண்டியூர் வர்ற பட்டணத்துப் பிள்ளைகள் வருஷம் தவறாமக் கேக்கிற கேள்வி இது. கேக்கிறவர் 350 சிசி புல்லட்டுல சாஞ்சுக்கிட்டு நிப்பார். சினிமாவுலயும் காமெடியனுக்குத்தானே இந்த வண்டியைக் குடுக்குறாங்க. சரி, சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப கணக்குக்கு வருவோம்.

எக்ஸ்எல் 100 வண்டியோட எடை 90 கிலோவுக்கு உள்ளதான். 350 சிசி கிளாசிக் 195 கிலோ. ஓட்டுற ஆள் ரெண்டுலயும் அதே 70 கிலோ. தெப்பக்குளத்துலேர்ந்து காமராஜர் சாலை வழியா விளக்குத்தூண் போய்ச் சேர எந்த வண்டிக்கும் அதே நேரம்தான் ஆகும். முன்னாடி போற ஷேர் ஆட்டோ நினைச்சாத்தான் நீங்களும் நகர முடியும். இதுல மிச்ச குதிரைத்திறனை எங்கே கொண்டுபோய் ஓட்டுறது?

ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள்னு வைங்க. மொத்தம் 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 குடுக்குற வண்டி 109 லிட்டர் குடிக்கும். 35 குடுக்குற வண்டி 171 லிட்டர். வித்தியாசம் 62 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டின காலத்துல, சும்மா சிக்னல்ல நிக்கிறதுக்கே வருஷம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல கட்டுறீங்க.

உங்க காசு, உங்க விருப்பம். ஆனா எங்களுக்கு இது விருப்பம் கிடையாது. கண்மாய்ப் பாசனமெல்லாம் வீட்டு மனையாப் போனதுக்கப்புறம் இங்கே மிஞ்சினது சின்னச் சின்ன வெள்ளாமைதான். கீரை, வாழை இலை, கொஞ்சம் மல்லி. நாப்பது அம்பது கட்டுக் கீரைக்குக் குட்டியானை பிடிச்சா வாடகையே கீரையைத் தின்னுரும். விடியுமுன்ன சாக்கை முன்னாடி கால் வைக்கிற இடத்துல சொருகி, பின் சீட்டைக் கழட்டிக் கூடையைக் கட்டினா மாட்டுத்தாவணி மார்க்கெட் போய்ச் சேந்துரலாம். திரும்பி வரும்போது அதே இடத்துல உர மூடை இருக்கும். பால் கேன், மருந்தடிக்கிற டேங்க், காயில் கட்டக் கொண்டுபோற மோட்டார் எல்லாம் இதுலதான் போகுது. கியர் கிடையாது. கிளட்ச் பிடிக்க வேண்டாம். சேலை கட்டின அம்மா ஒரே வாரத்துல பழகிருவாங்க. புதுசா ஓட்டப் பழகுறவங்களுக்கு இதைவிடப் பயமில்லாத வண்டி எது?

1911-ல மதுரையில டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டு ஆரம்பிச்ச குடும்பத்தோட கம்பெனி 1980-ல ஓசூர்லேர்ந்து இறக்கின வண்டி டிவிஎஸ் 50. ரெண்டு பேர் உக்காந்து போற மொபெட் இந்தியாவுக்கே அப்பத்தான் வந்துச்சு. கம்பெனிக்கு நான் விளம்பரம் பண்ணல. இதே மாதிரி எளிமையா இன்னும் நாலு கம்பெனி செஞ்சா விலை இறங்கும், எனக்குச் சந்தோஷம்தான்.

என் கோபம் சிரிக்கிற பிள்ளைகள் மேல பெருசா இல்ல. சட்டம் போடுறவங்க மேலதான்.

பழைய எக்ஸ்எல் 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். புகைக்கட்டுப்பாடு இறுகிக்கிட்டே வந்துச்சு, 2015-ல 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வந்துச்சு. நல்ல காரியம், நானும் ஒத்துக்கிறேன். 2டி ஆயில் புகை கண்ணை எரிச்ச காலம் போகட்டும். ஆனா மூணாம் நபர் இன்சூரன்ஸ்ல முதல் படி 75 சிசியோட முடியுது. அடுத்த படி 75-லேர்ந்து 150 வரைக்கும். புது வண்டிக்கு அஞ்சு வருஷப் பிரீமியம் 2022 அறிவிப்புப்படி முதல் படிக்கு 2,901 ரூபாய், ரெண்டாம் படிக்கு 3,851. புகையைக் குறைச்ச வண்டி மேல் படிக்கு ஏறிருச்சு! அறுபதைத் தாண்டினா மூச்சு வாங்குற வண்டிக்கும் நூறைத் தாண்டிப் பறக்குற 150 சிசிக்கும் ஒரே ரேட். 950 ரூபாய் ஒரு காசான்னு நீங்க கேப்பீங்க. அது எத்தனை கட்டுக் கீரைன்னு நான் எண்ணுவேன்.

ஜிஎஸ்டியும் இதே கதைதான். 2025 செப்டம்பர்ல 28 சதவீதத்தை 18 ஆக்கினாங்க, நன்றி. ஆனா எல்லையை 350 சிசியில வச்சாங்க. என் எக்ஸ்எல்லுக்கும் 18, மாப்பிள்ளையோட புல்லட்டுக்கும் 18. அதே நாள்லேர்ந்து டிராக்டருக்கு 5. டிராக்டர் வாங்க முடியாதவன் கீரை கொண்டுபோற வண்டி விவசாய வண்டி இல்லையா? மாநில அரசும் சும்மா இல்ல. 2023 நவம்பர்ல ஒரு லட்சத்துக்குள்ள இருக்கிற பைக்குக்கும் வரியை 8-லேர்ந்து 10 சதவீதம் ஆக்குச்சு.

16 வயசுப் பிள்ளைக்கு 50 சிசி வரைக்கும் லைசென்ஸ் உண்டுன்னு சட்டத்துல இன்னும் இருக்கு. ஷோரூம்ல போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்க. கண்ணுலயே படாது. சட்டம் இருக்கு, வண்டி இல்ல.

"பாதுகாப்பு?"ன்னு கேக்கிறது நியாயமான கேள்வி. லாரி பறக்குற ரிங்ரோட்டுல இந்த வண்டி ஒதுங்கித்தான் போகணும். கம்பெனி சொல்ற சுமை 130 கிலோ. நம்மாளுங்க அதுக்கு மேல ஏத்துறது தப்பு, அதுலயும் ஹெல்மெட் இல்லாமப் போறது பெரிய தப்பு. ஆனா மெதுவாப் போறவனுக்கு ரோட்டு ஓரத்துல நல்ல இடம் விடாதது யார் குத்தம்?

நான் கேக்கிறது ரெண்டே ரெண்டு. இன்சூரன்ஸ்ல 100 சிசி வரைக்கும் முதல் படியாக்குங்க. சுமை தூக்குற இந்தச் சின்ன வண்டிக்கும் டிராக்டருக்குப் போட்ட 5 சதவீதத்தையே போடுங்க.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்றேன். அடுத்த வண்டி வாங்குறதுக்கு முன்னாடி தினம் எவ்வளவு தூரம் போறீங்க, என்ன வேகத்துல போறீங்க, என்ன தூக்கிட்டுப் போறீங்கன்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. அதுக்கப்புறமும் புல்லட்தான் வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா அதுக்குப் பேரு ஆசை. தேவைன்னு சொல்லாதீங்க.