சுவருக்கு உள்ள சட்டம் உடம்புக்கு இல்லையா?



ஈப்போ பக்கம் நீங்கள் ஒரு புது வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் அஸ்திவாரத்தைச் சரியாகப் போடவில்லை. பல வருஷம் கழித்துத்தான் சுவரில் வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வழக்குப் போட வழி உண்டா? உண்டு. 2018-ல் காலவரம்புச் சட்டத்தைத் திருத்தி 6ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. வழக்கமான ஆறு வருஷம் முடிந்துபோனாலும், கெடுதல் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் கிடைக்கும். மொத்தத்தில் 15 வருஷத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது வீட்டை விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருக்கிற ஆளைப் பாருங்கள். இருபது வருஷம் புல்லு மருந்து அடித்தவர். கை நடுங்குது, கால் இழுக்குது, சட்டைப் பித்தான் போட முடியலே. மருந்து அடித்ததால் வந்ததாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் இன்றைக்குத்தான் சொல்கிறார். அந்த 6ஏ பிரிவு இவருக்கு உதவுமா? உதவாது. உடற்காயம் சம்பந்தப்படாத வழக்குகளுக்கு மட்டுமே என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் இவருக்கு மிஞ்சியது 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய ஆறு வருஷம். அதையும் உடம்பு கெட ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இவருக்குத் தெரிந்த நாள் கணக்கில் வராது.

நான் வக்கீல் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவன். ஆனாலும் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நோய் எப்படி வரும் என்பது தெரியவில்லை என்று துணிந்து சொல்வேன். பால்வெட்டுக் கத்தி விரலில் பட்டால் அன்றைக்கே ரத்தம் வரும், அன்றைக்கே புத்தகத்தில் பதிவு ஆகும். கல் தூசியும் கல்நார்த் தூசியும் அப்படி அல்ல. கல்நாரால் வரும் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். ஆறு வருஷம் முடியும்போது அந்த ஆள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருப்பார்.

பாராகுவாட்டை எடுத்துக்கொள்வோம். கிராமக்சோன் என்றால் நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் முதுகில் பம்பு இறங்கவில்லை; பெரும்பாலும் பெண்கள்தான் சுமந்தார்கள். நகம் கறுத்துக் கழன்றது, மூக்கில் ரத்தம், தோல் வெந்தது என்று வருவார்கள். அது விழுங்கினால் நுரையீரலை இறுக்கிவிடும். மாற்று மருந்து இல்லை. நம் நாட்டில் 2002-ல் தடை அறிவித்தார்கள், 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1-ல்தான் கடைசியாகத் தடை வந்தது. ஐரோப்பாவில் 2007-லேயே நீதிமன்றம் அதன் அனுமதியை ரத்து செய்துவிட்டது. அவர்கள் நிறுத்திய பிறகும் நாம் அடித்த வருஷங்கள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் இந்த மருந்தால் பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோய் வந்ததாக ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 2021 முதல் அவற்றில் பெரும்பகுதியை இல்லினாய்ஸில் ஒரே நீதிமன்றத்தில் சேர்த்து நடத்தினார்கள். மருந்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் நிரூபணம் ஆகவில்லை என்பது சின்ஜெண்டா கம்பெனியின் வாதம். அப்படிச் சொல்லிக்கொண்டே 2025 ஏப்ரலில் சமரசத்துக்கும் வந்தது. சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நான் இங்கே தீர்க்க வரவில்லை. அதைக் கேட்க ஒரு கோர்ட்டுக் கதவாவது அங்கே திறந்திருந்தது. அதே மருந்தை அடித்த நம் அக்காமார்களுக்கு, நோய் தெரியும் முன்பே அந்தக் கதவு சாத்தியாகிவிடுகிறது.

சொக்சோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மனு போடுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, வேலையால் வந்த காயத்துக்கோ நோய்க்கோ முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஆக, மருந்தைச் செய்து விற்ற கம்பெனி ஒன்றுதான் மிச்சம். அதற்குத்தான் இந்த ஆறு வருஷப் பூட்டு.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். எஃகு வார்ப்படங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்த தொழிலாளர்களுக்குத் தூசியால் நுரையீரல் கெட்டது. (அவர்களுக்கும் அங்கே ‘டிரெசர்’ என்றுதான் பெயர். தோட்டத்தில் என்னையும் டிரெசர் என்று கூப்பிடுவதால் இந்த வழக்கு என் மனதில் நின்றுவிட்டது.) நோய் தெரியும் முன்பே காலவரம்பு முடிந்துவிட்டது என்று 1963-ல் அவர்கள் தோற்றார்கள். சட்டம் நியாயமாக இல்லை என்று நீதிபதிகளே வருந்தினார்கள். அதே வருஷம் பார்லிமெண்ட் சட்டத்தை மாற்றியது. இன்று அங்கே உடற்காயத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். நம் 6ஏ பிரிவு அந்த நாட்டுச் சட்டத்தில் சுவருக்கு உள்ள பகுதியை ஒட்டி எழுதியதுதான். உடம்புக்கு உள்ள பகுதியை மட்டும் ஏனோ கொண்டுவரவில்லை.

கம்பெனிக்காரர்கள் சொல்லுவதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. நாற்பது வருஷம் கழித்து வழக்கு வந்தால் சாட்சி இருக்காது, பதிவேடு இருக்காது, இன்சூரன்ஸ் எப்படிப் போடுவது என்கிறார்கள். சரிதான். ஆனால் பதிவேடு யார் கையில் இருந்தது? தோட்டத்தை வீட்டு மனையாக விற்கும்போது ஆஸ்பத்திரிப் புத்தகங்களை எண்ணெய் டின்னில் போட்டுக் கொளுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தோட்டம் என்பது இப்போது முக்கியமில்லை.

புத்தகம் ஏன் முக்கியம் என்று புக்கிட் மேராவைக் கேளுங்கள். ஈப்போவுக்கு அருகில் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் 1985-ல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலை 11-ல் ஜெயித்தார்கள். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி தரப்பு நிபுணர்களின் சாட்சியமே எடுபட்டது. உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி அணுசக்தி உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். 1994-ல் தொழிற்சாலையை மூடியது கம்பெனியே எடுத்த முடிவு.

ஆகவே பிரிவு 6ஏ-யில் உடற்காயத்தையும் சேர்க்கச் சொல்லி நம் சங்கம் மனு கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வருகிற கிளைக் கூட்டத்தில் இதை யாராவது எழுப்புங்கள். அதுவரைக்கும் கிளினிக்குக்கு வரும்போது “மேலுக்கு முடியலே” என்று மட்டும் சொல்லாதீங்க. என்ன மருந்து அடிச்சீங்க, எந்தத் தேதி, எத்தனை நாள், கையுறை கொடுத்தாங்களா இல்லையா, எல்லாத்தையும் சொல்லி எழுத வையுங்க. டின்னில் ஒட்டியிருக்கும் பெயரைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். கூட வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகளுக்கும் சொல்லுங்கள். 2019 முதல் அவர்களுக்கும் சொக்சோ உண்டு. தோட்டத்தை விட்டுப் போகிற அன்றைக்கு, சம்பளப் பாக்கியோடு உங்கள் மருத்துவச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.