பிரம்பு போன வகுப்பறை

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு மாணவரை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. எட்டாம் வகுப்புவரை யாரையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. இரண்டும் மிகச் சரியானவை. ஆனால் ஒருவன் பக்கத்திலிருப்பவனை ஓயாமல் சீண்டினால், ஆசிரியரையே எதிர்த்துப் பேசினால், அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதைச் சட்டம் கற்றுத்தராது. கற்றுத்தர வேண்டியது பி.எட். படிப்பு. அது இரண்டாண்டுப் படிப்பான பிறகும் பியாஜே, ஸ்கின்னர் போன்ற உளவியலாளர்கள் பெரும்பாலும் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறார்கள்.

சரளமாக வாசிக்க வராத ஏழாம் வகுப்பு மாணவனை எழுப்பிப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோர் முன்னாலும் திக்கி நிற்பதைவிடச் சேட்டை செய்வது அவனுக்கு எளிது. செய்கிறான், 'வெளியே போய் நில்' என்கிறார் ஆசிரியர். வாசிப்பிலிருந்து தப்பிக்கத்தானே அவன் விரும்பினான்? நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை. நாளையும் அதையே செய்வான். குழப்பத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது, அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கவனிக்கப் பழகிய ஆசிரியர், அவனுக்குச் சிறு பத்தி ஒன்றை முன்கூட்டியே கொடுத்துத் தயாராகச் சொல்வார். அப்படியும் தடுமாறினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சிறப்பாசிரியரைக் கொண்டு பார்ப்பார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று.

'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று சொல்லும் பெற்றோர் இன்றும் உண்டு. அடி அந்த நேரத்துக்குச் சத்தத்தை அடக்கும், வாசிக்கக் கற்றுத்தராது. நன்றாகப் படிக்கும் மற்ற பிள்ளைகள் ஏன் பாதிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அவர்களுக்காகவும்தான் இப்படிக் கவனித்துக் கையாளும் பயிற்சியை ஆசிரியர்களுக்குக் கேட்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் 37 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கலில் தேர்வான பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாணவர் நடத்தையைக் கையாளும் பயிற்சி கிடைத்தது; தொடர்ந்து வழிகாட்ட ஒருவரும் இருந்தார். அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்காக அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் மற்றப் பள்ளிகளைவிடக் குறைந்தனர். ஆகவே ஆசிரியர் பயிற்சி நடக்கும் குறுவள மையத்தில் ஒருநாள் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினால் போதாது; அனுபவமுள்ள ஒருவர் வகுப்பிலேயே அமர்ந்து பார்த்து, பாடம் முடிந்ததும் ஆசிரியரோடு பேச வேண்டும். பதிவேடுகளுக்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது முழு உண்மை. அந்த எழுத்து வேலையைக் குறைத்து, இதற்கு வாரம் ஒரு பாடவேளையைக் கல்வித் துறை ஒதுக்கட்டும்.