மாடு உழும், நாற்று நடாது

உழவுக்கு வலுவான இரண்டு காளை வேண்டுமா, 1,024 கோழி வேண்டுமா? சூப்பர் கம்ப்யூட்டர்களை வடித்த சீமோர் கிரே கேட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கேள்வியை முப்பது வருடமாக மேடைதோறும் பிறர் சொல்லக் கேட்டுவருகிறேன். போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரிக் கருத்தரங்கில் மறுபடி வந்தது. பழைய வீட்டுக் கணினிகளைக் கேபிளால் கோத்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், சிறப்பு விருந்தினர் கோழிக்கதையைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. “குப்பையோடு குப்பையைச் சேர்த்தால் பெரிய குப்பைதான்” என்று முடித்துக்கொண்டார். மாணவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய முதல் வாதம், இன்றைய கைபேசி ஒன்றே இந்த எல்லாப் பெட்டிகளையும் தோற்கடித்துவிடும் என்பது. ஆமாம், தோற்கடிக்கும். இதைச் சொல்ல ஒரு சிறப்பு விருந்தினர் தேவையில்லை.

இரண்டாவது, இந்த எந்திரங்கள் தனித்தனியே இயங்கப் பிறந்தவை, வலையில் கோக்க அல்ல என்பது. இது வரலாறு தெரியாத பேச்சு. 1983இல் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினிக்கு வந்த ‘இன்டர்ஃபேஸ் 1’ பெட்டி 64 எந்திரங்களை ஒரே வலையில் கோக்க வந்தது. கமடோர் 64 வைத்திருந்தவர் 1541 டிஸ்க் டிரைவையும் வாங்கியிருந்தால் அவர் வீட்டில் இருந்தது இரண்டு கணினி. டிரைவுக்குள்ளேயே ஒரு 6502 பிராசஸரும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. அதற்குள் சொந்த நிரலை ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். பிபிசி மைக்ரோவின் எகோநெட் வலையிலோ ஓர் எந்திரம் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்கலாம், அதில் எழுதலாம், எழுதிய இடத்துக்குத் தாவி ஓடு என்று கட்டளையும் இடலாம். வேலையைப் பிரித்துக்கொடுக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

மூன்றாவதுதான் எல்லாரும் பெரிதாக நம்புவது: கேபிள் மெதுவானது, தகவல் போய் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பது. இதைச் சொல்பவர்கள் ஒரு முறையாவது கணக்குப் போட்டதுண்டா? நான் போட்டிருக்கிறேன். செய்து பார்த்தும் இருக்கிறேன்.

1984இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினி பிபிசி மைக்ரோ. அதில்தான் நான் கற்றேன். பிற்பாடு அந்த ரகத்தில் இரண்டு என் கைக்கு வந்தன. இரண்டின் முதுகிலும் ஐந்து ஊசிகொண்ட ஆர்எஸ்423 துளை இருக்கிறது. ஒன்றின் அனுப்பும் கம்பியை மற்றதன் வாங்கும் கம்பியோடு குறுக்காகப் பற்றவைத்தேன். கொடுத்த வேலை, புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வரையும் மண்டெல்பிராட் படம். 160 புள்ளி அகலம், 256 வரிசை. ஒற்றைப்படை வரிசைகள் ஒன்றுக்கு, இரட்டைப்படை மற்றதற்கு. பேசிக் மொழியில் ஒரு வரிசையை முடிக்கச் சராசரியாக இரண்டு நிமிடம். முடித்த வரிசையை அனுப்ப? புள்ளிக்கு ஒரு பைட், ஆக 160 பைட். 9,600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட் போகும். அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு! இரண்டு நிமிட உழைப்புக்கு அவ்வளவுதான் வழிச்செலவு. மற்ற எந்திரம் தன் 128 வரிசைகளையும் அனுப்ப மொத்தம் 22 விநாடிகூட ஆகவில்லை. தனி எந்திரத்துக்கு எட்டரை மணி நேரம் பிடித்த படம் நாலே கால் மணி நேரத்தில் திரையில் நின்றது.

இதைப் புரிந்துகொள்ள வயலுக்கே போகலாம், காளையை முதலில் கொண்டுவந்தவர்கள் கோழிக்கதை சொல்பவர்கள்தானே. உழ இரண்டு காளை போதும், சரி. நாற்று நட? எத்தனை வலுவான காளையானாலும் ஒரு நாற்றை நட்டுவிடுமா? அங்கே வரிசையாக இறங்கும் இருபது பேர் வேண்டும். வரப்பில் நிற்பவர் நாற்றுமுடியை வீசுகிறார்; வீச ஒரு நொடி, அந்த முடியை நட்டு முடிக்கப் பல நிமிடம். வீசுபவர் மெதுவாக வீசினாலும் ஒரு கையும் சும்மா நிற்காது. கேபிள் அந்த வீசுகிற கை. ஒரு முடியில் எவ்வளவு நாற்று என்பதைச் சரியாகக் கட்டத் தெரிந்தால் போதும். அந்தக் கலைக்குத்தான் இணைச் செயலாக்கம் என்று பெயர்.

அமெரிக்காவில் ஓர் ஆர்வலர் 17 ஆப்பிள் IIஈ பலகைகளைச் சட்டத்தில் அடுக்கி ‘ஆப்பிள்கிரேட்’ செய்தார். வலை அட்டைகூடக் கிடையாது. ஜாய்ஸ்டிக் செருகும் துளை வழியாகவே விநாடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான பிட்டுகளை அனுப்பினார். ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் ஒன்பது கடிகாரத் துடிப்பு. அதற்குள் அடங்கும்படி ஒவ்வொரு கட்டளையையும் எண்ணி எழுதினார். குப்பையைச் சேர்ப்பவன் துடிப்பை எண்ண மாட்டான்.

அம்டால் விதியையும் இழுத்தார்கள். பிரிக்க முடியாத பகுதி வேகத்தைக் கட்டிப்போடும் என்று 1967இல் அம்டால் சொன்னது உண்மை. என் படத்தில் அந்தப் பகுதி எங்கே இருக்கிறது?

கடைசி வாதம், இதனால் யாருக்கும் எந்தப் பயனும் விளைந்ததில்லை என்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் பிறர் கழித்துப்போட்ட கணினிகளைப் பொறுக்கி 1997இல் ‘ஸ்டோன் சூப்பர்கம்ப்யூட்டர்’ கட்டினார்கள். அது அந்த நாட்டின் சூழலியல் மண்டலங்களை வரைபடமாக்கித் தந்தது. நம் நாட்டின் முதல் இணைக் கணினியான ‘ஃப்ளோசால்வர்’ 1986இல் பெங்களூரு தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில் உருவானபோது உள்ளே இருந்தவை நான்கே நான்கு இன்டெல் 8086 பிராசஸர்கள். அன்றைய மேசைக் கணினிகளின் குடும்பம்தான். கிரே தொடங்கிய நிறுவனமே 1993இல் நூற்றுக்கணக்கான ஆல்ஃபா சில்லுகளைக் கோத்து ‘டி3டி’ சூப்பர் கம்ப்யூட்டரை விற்றது. கோழிக்கதை சொல்பவர்கள் இந்த 1993ஐ மட்டும் சொல்வதே இல்லை.

தலைமையாசிரியர்களே, கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களே, உங்கள் கிடங்கில் மஞ்சளேறிய பழைய கணினி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒன்றோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் தேடி வாங்குங்கள். பற்றவைக்க மூன்று கம்பி, ஒரு மாலைப்பொழுது போதும்.